வீட்டுக்குப் போய் ரத்தம் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டிலேயே ரத்தம் எடுக்கும் வசதி இப்போது சின்ன ஊர்களுக்கும் வந்துவிட்டது. ரிசல்ட் முன்னுக்குப் பின் முரணாக வந்தால் எல்லோரும் மெஷினைச் சந்தேகப்படுகிறார்கள். பெரும்பாலும் தவறு நடப்பது அதற்கு முன்னால், கட்டிலுக்கும் லேபுக்கும் நடுவில்.

பொட்டாசியத்தையே எடுத்துக்கொள்வோம். நரம்பு கிடைக்காத பெரியவரின் கையில் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைத்து, "நல்லா மூடித் திறங்க ஐயா" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அது ஏறும். சிரிஞ்சிலிருந்து ஊசி வழியாகவே டியூபுக்குள் வேகமாக அழுத்தினால் சிவப்பணுக்கள் உடைந்து இன்னும் ஏறும். ஊதா மூடி டியூபில் அதிகமாகிவிட்டது என்று கொஞ்சத்தை, பொட்டாசியம் பார்க்கும் மஞ்சள் மூடி டியூபுக்கு மாற்றுவது இதைவிட மோசம். ஊதா டியூபில் ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருக்கும் ஈடிடிஏ உப்பு பொட்டாசியத்தைத் தாறுமாறாகக் கூட்டி, கால்சியத்தை அடியோடு குறைத்துக் காட்டும். நீலம், மஞ்சள், ஊதா, சாம்பல் என்ற வரிசையில் டியூப்களை நிரப்பச் சொல்வது அதற்காகத்தான்.

வெயிலுக்குப் பயந்து, சீரம் பிரிக்காத ரத்தத்தை ஐஸில் வைப்பவர்களும் உண்டு. குளிரில் அணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசியும். ஐஸ் இல்லாமல் அப்படியே வைத்திருந்தால் சர்க்கரை மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். அரை மணி நேரம் உறையவிட்டு, 2 மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிரித்துவிட வேண்டும். முதியோர் இல்லத்தில் ஒரே காலையில் பலருக்கு எடுப்பதாக இருந்தால் சின்ன சென்ட்ரிஃபியூஜ் ஒன்றைக் கூடவே கொண்டுபோங்கள். அது வீண் செலவே இல்லை. இல்லாவிட்டால் பொட்டாசியம் 6.2 என்ற பொய்யான ரிசல்ட்டை நம்பி, இதய நோயாளிக்கு அவசியமான மாத்திரையை நிறுத்திவிடுவார்கள்.

அடுத்தது அடையாளம். "சரோஜா பாட்டிதானே?" என்று கேட்கவே கேட்காதீர்கள். மறதி நோய் உள்ளவர் எந்தப் பெயருக்கும் தலையாட்டுவார். "உங்க பேர் என்ன பாட்டி?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் இல்லத்து நர்ஸைக் கூப்பிட்டுப் பெயர், வயது இரண்டையும் சீட்டோடு ஒத்துப்பாருங்கள். ரத்தம் எடுத்த கையோடு, கட்டில் பக்கத்திலேயே லேபிள் ஒட்டுங்கள்.

இன்சுலின் போடுபவரை வெறும் வயிற்றில் ஒன்பதரை மணி வரை காக்க வைக்காதீர்கள், முதலில் அவரிடம் போங்கள். கேட்டிருப்பது மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி மட்டும் என்றால் வெறும் வயிறே வேண்டாம். டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா (ரத்தக் குழாய்களை ஆபரேஷன் செய்து இணைத்தது) போட்ட கையையும், டிரிப்ஸ் ஏறும் கையையும் தொடாதீர்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுபவருக்குப் பஞ்சை வைத்துவிட்டுக் கிளம்பாமல், ரத்தம் நிற்கும்வரை நீங்களே அழுத்திப் பிடியுங்கள். கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கான சிறுநீரை, சிறுநீர்க் குழாயில் மாட்டிய பையிலிருந்து எடுக்கக் கூடாது.

கடைசியாக, போன் நம்பர். ரிப்போர்ட் வெளிநாட்டில் இருக்கும் மகனின் வாட்ஸ்அப்புக்குப் போகிறது. அவர் அப்போது தூங்கிக்கொண்டிருப்பார். சர்க்கரை 45 என்று வந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்? பதிவு செய்யும்போதே நோயாளியின் பக்கத்தில் இருப்பவர் எண்ணையும், பார்க்கும் டாக்டர் எண்ணையும் வாங்கிவிடுங்கள். ஆபத்தான ரிசல்ட்டை மெசேஜாக அனுப்பினால் மட்டும் போதாது. கூப்பிட்டுச் சொல்லி, அவர்கள் அதைத் திருப்பிச் சொல்லக் கேட்டு, நேரத்தையும் குறித்து வையுங்கள்.