காலேஜிலிருந்து டூருக்கு: நிலத்தை விற்பதற்கு முன்

கும்பகோணம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மண் கோர்ட் காய்வதே அபூர்வம். டென்னிஸ் பயிற்சி நின்றுபோகும் அந்த நாட்களில்தான் பெற்றோர் என்னிடம் வந்து உட்காருவார்கள். "அமெரிக்கா காலேஜ்ல டென்னிஸ் ஸ்காலர்ஷிப் கிடைச்சிட்டா, அப்புறம் டூர்தானே சார்?" டூர் என்றால் ஊர் ஊராகப் போய்ப் பரிசுப் பணத்துக்கு ஆடும் தொழில்முறை டென்னிஸ். நியாயமான ஆசைதான். ஆனால் நடுவில் சறுக்கும் இடங்கள் உண்டு.

பெரிய சறுக்கல் பணக்கணக்கு. டூரின் அடிப்படியான எம்15 போட்டி என்றதும் 15,000 டாலர் என்று மனசு கணக்குப் போடுகிறது. அது போட்டி முழுவதற்குமான பரிசு. ஒற்றையரில் கோப்பை வெல்பவருக்கே சுமார் 2,100 டாலர்தான். முதல் சுற்றில் தோற்றால் 150 சொச்சம். விமானம், ரூம், சாப்பாடு எல்லாம் நம் கைக்காசு. பாபநாசம் பக்கத்து அப்பா ஒருவர், படிப்பு முடித்த மகனுக்காக மூன்று மா நிலத்தை விற்றார். ஒரே சீசனில் அத்தனையும் கரைந்தது. ஒரு மேட்சுக்கு முன் ஸ்ட்ரிங் அறுந்தபோது, புதிதாகப் போடும் கூலியை நினைத்து, ஸ்ட்ரிங் இறுக்கம் தளர்ந்த பழைய ராக்கெட்டோடு இறங்கினான் பையன். அடித்த பந்தெல்லாம் பேஸ்லைனைத் தாண்டியது. ஒவ்வொரு பாயின்ட்டிலும் அந்த வயல்தான் கண்ணில் நின்றது என்று பிறகு என்னிடம் சொன்னான்.

ரேங்கிங் ஏற இரண்டு மூன்று வருஷம் ஆகும் என்று வைத்துப் பணத்தைப் பிரித்து வையுங்கள். வாராவாரம் நாடு மாறாமல், துருக்கியின் அன்டால்யா, துனீசியாவின் மொனாஸ்டிர் போல ஒரே இடத்தில் அடுத்தடுத்துப் போட்டி நடக்கும் ஊர்களைப் பாருங்கள்.

அடுத்தது அவசரம். ஒரு எம்15 ஜெயித்ததும் படிப்பை விட்டுவிடத் தோன்றும். சென்னையில் ஆடி வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்தார். 2007, 2008 இரண்டு வருஷமும் என்சிஏஏ எனும் அமெரிக்கக் காலேஜ் போட்டியின் ஒற்றையர் பட்டம் அவருக்கே. 2009 சென்னை ஓப்பனில் வைல்டு கார்டில், அதாவது போட்டி நடத்துபவர்கள் தந்த சிறப்பு இடத்தில், நுழைந்து ஃபைனல் வரை போனார். 2011இல் உலக ரேங்கிங் 62. மதுரைப் பையன் தக்ஷினேஸ்வர் சுரேஷ், அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஆடிக்கொண்டே 2025இல் நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையில் சுவிட்சர்லாந்து வீரரை வீழ்த்தினார். காலேஜ் இவர்களைப் பின்னால் இழுக்கவில்லையே!

பிளஸ் டூ முடித்து ஒரு வருஷம் போட்டி ஆடிவிட்டுச் சேரலாம் என்பதும் ஆபத்து. தாமதமாகச் சேர்ந்தால் காலேஜ் அணியில் ஆடும் ஆண்டுகள் குறையலாம். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், சேரும் வருஷத்து விதியைக் காலேஜிலேயே எழுத்தில் வாங்குங்கள்.

ஆட்டத்திலும் ஒன்று. காலேஜில் 40-40 என்றால் ஒரே பாயின்ட்டில் கேம் முடிந்துவிடும். டூரில் ஒற்றையர் ஆட்டம், ஒருவர் இரண்டு பாயின்ட் முந்தும் வரை டியூஸ், அட்வான்டேஜ் என்று இழுக்கும். கடைசி வருஷத்திலாவது லீவுக்கு வரும்போது இந்த டூர் முறையில் ஆடிப் பழகட்டும்.

கடைசியாக, அம்மாக்களுக்கு. பருப்புப் பொடி தாராளமாகப் போகட்டும். லேகியமும் பெயர் தெரியாத சூரணமும் பெட்டியில் வேண்டாம். ஊக்கமருந்துச் சோதனையில் தடைசெய்த பொருள் சிக்கினால், யார் கொடுத்தது என்று முதலில் பார்க்கமாட்டார்கள். உடம்பில் இருந்தது எதுவானாலும் ஆடுபவர்தான் பொறுப்பு.