வெளுத்துப்போன கைத்தையல் குயில்ட்: துவைப்பதா, ஒட்டுப்போடுவதா, வெட்டுவதா?

பெட்டியிலிருந்து பழைய குயில்ட்டை (துண்டுத் துணிகளை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த போர்வை) எடுத்ததும் பலர் நேராக வாஷிங் மெஷினுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கேதான் பெரும்பாலான குயில்ட்கள் பாழாகின்றன. வெளிச்சம் பட்டு வெளுத்த நிறம் எத்தனை முறை துவைத்தாலும் திரும்பாது, ஏனென்றால் சாயமே சிதைந்துபோயிருக்கும். நிறம் போனது குறையே அல்ல. நீங்கள் பார்க்க வேண்டியது, துணியில் இன்னும் வலு இருக்கிறதா என்பதைத்தான்.

முதலில் வலுவைப் பாருங்கள்

கட்டிலில் வெள்ளை விரிப்பைப் போட்டு, அதன்மேல் குயில்ட்டைப் பகல் வெளிச்சத்தில் விரியுங்கள். ஒவ்வொரு வகைத் துணியிலும் ஓர் ஓரத்தை இரு கை விரல்களால் பிடித்து மெல்ல இழுங்கள். இழை விட்டுக்கொடுத்தாலோ தூள் உதிர்ந்தாலோ அதைத் தண்ணீரில் போடக் கூடாது.

கறுப்பு, அடர்பழுப்புத் துண்டுகளில் கூடுதல் கவனம் வேண்டும். முன்பு இந்த நிறங்களுக்கு இரும்பு உப்பு சேர்த்துச் சாயமேற்றும் வழக்கம் இருந்தது. அந்த இரும்பு நாள்பட நாள்படப் பருத்தியை அரித்துவிடும். மற்ற துண்டுகள் நன்றாக இருக்கும்போது பழுப்பு மட்டும் பொடிந்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். பட்டுத் துண்டுகள் கீறல் கீறலாகப் பிளந்திருந்தாலும் துவைக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

தூசி எடுங்கள்

குயில்ட்டின் மேல் கொசுவலைத் துண்டு ஒன்றை விரித்து, வாக்யூம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் வைத்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுங்கள். பிறகு இரண்டு நாள் நிழலில் காற்றாட விடுங்கள். பெட்டி வாடை இதிலேயே பெருமளவு போய்விடும். அழுக்கு கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

சாயம் இறங்குமா?

வெள்ளைப் பருத்தித் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து, ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அதையே சோப்புத் தண்ணீரிலும் செய்து பாருங்கள், தண்ணீருக்கு அசையாத சாயம் சோப்புக்கு இளகுவது உண்டு. இரண்டு சிவப்புத் துணிகள் இருந்தால் இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். துளி நிறம் ஒட்டினாலும் துவைக்காதீர்கள்.

துவைக்கும் முறை

குளியல் தொட்டியோ அகலமான டப்போ வேண்டும். அடியில் ஒரு பழைய விரிப்பைப் போட்டு, அதன்மேல் குயில்ட்டைத் தளர்வாக மடித்து வையுங்கள். 30 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீர், 10 லிட்டருக்கு 1 தேக்கரண்டி மென்மையான திரவ சோப்பு. பிளீச், வெண்மையூட்டி, துணி மென்மையாக்கி எதுவும் கூடாது. 20 நிமிடம் ஊறட்டும். உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி எடுங்கள். தேய்ப்பதும் முறுக்குவதும் வேண்டாம். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறினால் பயப்படாதீர்கள், தேங்கிய அழுக்குதான் வெளியேறுகிறது. நுரை முழுக்கப் போகும்வரை நான்கைந்து முறை அலசுங்கள்.

நடுவில் சிவப்போ நீலமோ கசிய ஆரம்பித்தால், அந்தத் தண்ணீரில் ஒரு நிமிடம்கூட ஊற விடாமல் வடித்துவிட்டு, நிறம் நிற்கும்வரை புதுத் தண்ணீர் மாற்றிக்கொண்டே இருங்கள். ஈரமாக மடித்து வைத்தால் கசிந்த சாயம் பக்கத்துத் துண்டில் நிரந்தரமாக ஏறிவிடும்.

எடுக்கும்போது அடியில் போட்ட விரிப்பின் மூலைகளைப் பிடித்து இருவராகத் தூக்குங்கள். நீர் குடித்த பஞ்சின் கனம் பழைய தையலை அறுத்துவிடும், கொடியில் தொங்கவிடக் கூடாது என்பதும் இதனால்தான். டவல்களால் ஒற்றி ஈரத்தை எடுத்து, நிழலில் தட்டையாக விரித்து, மின்விசிறிக் காற்றில் அவ்வப்போது திருப்பிப் போட்டு, உள்பஞ்சுவரை காய வையுங்கள். உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும்.

கிழிசலுக்கு

நைந்த துண்டைப் பிய்த்தெடுக்காதீர்கள், அதன் மேலேயே மூடித் தையுங்கள். ஏற்கெனவே துவைத்துச் சுருங்கிய மெல்லிய பருத்தித் துணியை நான்கு பக்கமும் 5 மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்து, ஒற்றைப் பருத்தி நூலால் சிறு ஹெம்மிங் போடுங்கள். பாலியஸ்டர் நூல் உறுதியானது, இழுபட்டால் நூல் அறுவதற்குப் பதில் பழைய துணிதான் கிழியும். பொடிகிற துண்டுகளின் மேல் அதே நிறத்தில் மெல்லிய நெட் துணியைப் போர்த்தித் தைத்தால் போதும். இஸ்திரி போட்டு ஒட்டும் பட்டை வேண்டாம், அதன் பசையைப் பிறகு எடுக்கவே முடியாது.

மறுபடி சாயம் போடலாமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில்: வேண்டாம். ஒவ்வொரு துணியும் ஒவ்வொரு அளவில் சாயம் குடிக்கும், திட்டுத்திட்டாக நிற்கும்.

வெட்டுவதானால்

பாதிக்கு மேல் கிழிந்து, தைத்தாலும் நிற்காது என்ற நிலையில் மட்டும் கத்தரியை எடுங்கள். வெட்டும் முன் முழுக் குயில்ட்டையும் இருபுறமும் படம் எடுத்து வையுங்கள். 40 செ.மீ. குஷன் உறைக்கு, நல்ல பகுதியில் 43 செ.மீ. சதுரம் வரையுங்கள். கோட்டுக்கு 5 மி.மீ. உள்ளே மெஷின் தையல் ஒன்று ஓட்டிவிட்டுப் பிறகு வெட்டுங்கள். இதைத் தவறவிட்டால் வெட்டிய ஓரத்திலிருந்து கைத்தையல் முழுக்கப் பிரிந்துவரும். 16 எண் ஊசி, 3 மி.மீ. தையல் நீளம் சரியாக இருக்கும். பின்புறத்துக்குப் புதுத்துணியில் 43 × 30 செ.மீ. துண்டுகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு 43 செ.மீ. ஓரத்தை ஒரு செ.மீ. வீதம் இருமுறை மடித்துத் தையுங்கள். இந்த இரண்டையும் குயில்ட் சதுரத்தின்மேல், நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி, மடித்த ஓரங்கள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏற வைத்து, சுற்றிலும் 1.5 செ.மீ. விட்டுத் தைத்துத் திருப்பினால் ஜிப் இல்லாமலே உறை தயார்.

எடுத்து வைக்க

பிளாஸ்டிக் பை வேண்டாம், மரப்பலகையிலும் நேரடியாகப் படக் கூடாது. வெள்ளைப் பருத்தித் தலையணை உறையே போதும். மடிப்புகளுக்குள் சுருட்டிய வெள்ளைத் துணி வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு இடத்தில் மடியுங்கள். ஒரே கோட்டில் மடிந்துகொண்டே இருந்தால் துணி அங்கேதான் முதலில் விடும்.