பழைய சிஎன்சி மில்லா? நடுவிலும் ஓரத்திலும் அளந்து பாருங்கள்

மேசைமேல் வைக்கும் பழைய சிஎன்சி மில்லை (கணினி கட்டுப்பாட்டில் பொருளை வெட்டும் இயந்திரம்) பார்க்கப் போகும்போது காந்த அடித்தளம் உள்ள டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கேஜின் முனை இயந்திரத்தின் மேசையைத் (வெட்டும் பொருளைத் தாங்கி நகரும் தட்டு) தொடும்படி வையுங்கள். மேசையை நகர்த்தும் திருகுத்தண்டு சுழலாதபடி, அதை மோட்டாருடன் இணைக்கும் கப்ளிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் மேசையைத் தள்ளி இழுத்து, கேஜின் முள் எவ்வளவு அசைகிறது என்று பாருங்கள்; அதுதான் ஆட்டம். மேசை நடுவில் இருக்கும்போது ஒருமுறை, ஓரத்துக்கு நகர்த்தி ஒருமுறை.

இரண்டு இடத்திலும் ஆட்டம் ஒரே அளவில் இருந்தால், பெரும்பாலும் பேரிங்கோ, தண்டின்மீது ஓடி மேசையை நகர்த்தும் நட்டோதான் தளர்ந்திருக்கும். இறுக்கிவிடலாம் அல்லது மாற்றிவிடலாம். நடுவில் மட்டும் அதிகம் என்றால் தண்டே தேய்ந்திருக்கிறது, ஏனென்றால் வெட்டு வேலை பெரும்பாலும் அங்கேதான் நடக்கும். நடுவுக்கு ஏற்ப நட்டை இறுக்கினால் ஓரத்தில் சிக்கிக்கொள்ளும்; மென்பொருளில் ஒரே எண்ணைக் கொடுத்தும் சரிக்கட்ட முடியாது. அப்படிப்பட்ட இயந்திரத்தை, தண்டு மாற்றும் செலவையும் கணக்கிடாமல் வாங்காதீர்கள்.

பினாங்கில் பாயான் லெப்பாஸ், பிறை பக்கம் கைமாறி வரும் இயந்திரத்தில் கண்ட்ரோலர் (மோட்டார்களை இயக்கும் மின்னணுப் பெட்டி) செயலிழந்து கிடந்தால் பின்வாங்க வேண்டாம். இயந்திரத்தைப் புதுப்பித்து ஓட்ட நினைப்பவர் என்றால், எப்படியும் அதைக் கழற்றிவிட்டு லினக்ஸ்சிஎன்சியோ ஜிஆர்பிஎல்லோ (இரண்டும் சிஎன்சி இயந்திரத்தை இயக்கும் இலவச மென்பொருள்கள்) பொருத்தப்போகிறீர்கள். அதையே காட்டித் தயங்காமல் விலையைக் குறையுங்கள்.

திருகுத்தண்டுக்குப் பதில் பெல்ட்டால் மேசையை நகர்த்தும் இயந்திரத்துக்கு இந்தச் சோதனை பொருந்தாது. மரப்பலகையில் எழுத்து செதுக்க மட்டும் என்றால் 0.1 மி.மீ. ஆட்டம் பெரிதாகத் தெரியாது. வாங்கிய மறுவாரமே பிறருக்குக் கூலிக்கு வெட்டித்தர வேண்டியவர்கள், ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தையே தேடுங்கள்.