கேம்ப் பிளக்கில் கேரவனை இணைக்கும் முன்

பெங்களூரிலிருந்து கேம்பர் வேனில் கூர்க், சிக்கமகளூரு பக்கம் கிளம்புகிறவர்கள் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் ஒரு மல்டிமீட்டர் (வோல்ட்டேஜ் அளக்கும் கருவி) வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேம்பில் கொடுக்கும் 16 ஆம்ப் பிளக்கை நம்பி உடனே வண்டியை இணைக்க வேண்டாம்.

ஃபேஸுக்கும் (கரண்ட் வரும் கம்பி) நியூட்ரலுக்கும் (கரண்ட் திரும்பும் கம்பி) நடுவே மீட்டர் 230 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் (தரையோடு இணைத்த பாதுகாப்புக் கம்பி) நடுவிலும் கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். வராவிட்டால் எர்த் சரியில்லை, அங்கே இணைக்கவே கூடாது. (மீட்டர் பிடித்துப் பழக்கமில்லை என்றால் கேம்ப் எலக்ட்ரீஷியனையே பார்க்கச் சொல்லுங்கள்.) வேனின் பாடி உலோகம், டயரோ ரப்பர். எர்த் சரியில்லாமல் உள்ளே கசிவு ஏற்பட்டால் கரண்ட் தரைக்கு இறங்க வழியில்லை. ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று கதவைத் தொடும் குழந்தை வழியாகத்தான் அது இறங்கும். வண்டிக்குள் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம் இருக்கட்டும்.

நியூட்ரல் கழன்றால் மூன்று ஃபேஸ் லைனில் 400 வோல்ட் வரைகூட ஏறலாம். ஏசி, ஃபிரிட்ஜ், சார்ஜர் எல்லாம் போய்விடும். வோல்ட்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் தானே துண்டிக்கும் புரொடெக்டர் ஒன்றைப் பொருத்திவிடுங்கள். நொடிநேரத்துக்கு எகிறும் வோல்ட்டேஜை மட்டும் தடுக்கும் வெறும் சர்ஜ் பிளக் இதற்குப் போதாது.

அப்புறம், எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளிலிருந்து முழுக்கப் பிரித்துவிட்டு ஏசி போடுங்கள். சுற்றியபடி ஓட்டினால் சூடேறி உருகிவிடும்.