ஈரானிய நண்பரோட சின்ன வயசு காமிக்ஸைத் தேடிப் பிடிக்கிறது எப்படி

டொரண்டோவுல எங்க மேல் வீட்டுல இருக்குற ஈரானியருக்கு போன வருஷம் பிறந்தநாளுக்கு ஒரு டின்டின் புக் வாங்கிக் குடுத்தேன், டின்டின்னு ஒரு பையனும் அவன் நாயும் ஊர் ஊராப் போற பிரெஞ்சு காமிக்ஸ், அதோட இங்கிலீஷ் பதிப்பு, புத்தம் புதுசு. டெஹ்ரான்ல சின்னப் பையனா இருந்தப்போ அதைத்தான் தலையணைக்கு அடியில வச்சுட்டுத் தூங்குவேன்னு அவர் பலதடவை சொல்லியிருக்கார், அதான். சந்தோஷமா வாங்கினார், நாலு பக்கம் புரட்டினார், அப்புறம் மெதுவா "மீலூ எங்க?"ன்னு கேட்டார். நாய்க்குட்டியக் காட்டினேன். "இது ஸ்நோயி, இது வேற நாய்"னு சொல்லிட்டு புக்கை மூடி வச்சுட்டார்.

விஷயம் என்னன்னா ஃபார்சியில, அதாவது ஈரான்ல பேசுற பாரசீக மொழியில, அந்தக் கதைங்க வந்தப்போ பேரெல்லாம் பிரெஞ்சுல இருந்த மாதிரியே போயிடுச்சு. நாய் பேர் மீலூ, நாம கேல்குலஸ்னு படிக்கிற புரொஃபசர் அங்க தூர்னெசோல், புக்குக்கே பேர் 'தன்தன் ஒ மீலூ'. அதனால ஊரை விட்டு வந்த ஒருத்தருக்கு காமிக்ஸ் தேடிக் குடுக்கணும்னா கதையத் தேடிப் பிரயோஜனம் இல்ல, அவர் கையில இருந்த அந்தப் பதிப்பைத் தேடணும். அந்த மொழி, அந்த அட்டை, அந்தக் காகிதம். ஒரு வருஷம் அலைஞ்சதுல கத்துக்கிட்டதை எழுதுறேன், உங்களுக்கும் ஈரான்ல இருந்து வந்த நண்பரோ மருமகளோ ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவரோ இருந்தா உதவும்.

முதல் வேலை கேக்குறது, இதுலதான் நிறைய நேரம் செலவு பண்ணணும். ஈரானியர்கள்ட்ட தாரோஃப்னு ஒரு மரியாதை வழக்கம் இருக்கு, நீங்க ஒண்ணு தரேன்னா முதல்ல வேணாம்னுதான் சொல்லுவாங்க, ரெண்டாவது தடவையும் வேணாம்பாங்க. "எதுக்கு உங்களுக்கு சிரமம், அதெல்லாம் பழைய குப்பை"ன்னு சொன்னா அதோட விட்டுடாதீங்க, வேற ஒருநாள் டீ குடிக்கும்போது திரும்ப ஆரம்பிங்க. புக் பேர் என்னன்னு கேக்காதீங்க, பேர் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அதைப் படிக்கும்போது எந்த ரூம்ல உக்காந்திருந்தீங்க, யார் வாங்கிட்டு வந்தா, புக் எவ்ளோ பெருசு, கலரா கருப்பு வெள்ளையா, கெட்டி அட்டையா வாரப் பத்திரிகையா, 1979 புரட்சிக்கு முன்னாடியா பின்னாடியா, இப்படிக் கேளுங்க. முடிஞ்சா கையால புரட்டிக் காட்டச் சொல்லுங்க. ஃபார்சி வலது பக்கத்துல இருந்து இடது பக்கமாப் படிக்கிறது, ஐரோப்பிய காமிக்ஸை அப்படி மாத்தும்போது படத்தையே கண்ணாடியில பாக்குற மாதிரி திருப்பிப் போடலாம், இல்ல படத்தை அப்படியே விட்டு வசனத்தை மட்டும் மாத்தலாம். எந்தப் பக்கம் புரட்டினோம்னு மூளைக்கு மறந்தாலும் கைக்கு ஞாபகம் இருக்கும், நான் கண்ணால பார்த்தேன்.

ஒண்ணு மட்டும் ஜாக்கிரதை. எல்லாருக்கும் இது இனிப்பான ஞாபகமா இருக்கணும்னு இல்ல. 2006ல மானா நேயெஸ்தானின்னு ஒரு கார்ட்டூனிஸ்ட், ஒரு பேப்பரோட குழந்தைகள் பகுதியில கரப்பான்பூச்சி ஒண்ணு பேசுற மாதிரி வரைஞ்சார், அதுல வந்த ஒரு அஸெரி மொழி வார்த்தை ஈரான்ல இருக்குற அஸெரி மக்களைக் கேவலப்படுத்துதுன்னு பெரிய போராட்டமே நடந்து அவர் ஜெயிலுக்குப் போய், கடைசியில நாட்டை விட்டே வெளியேறி பாரிஸ்ல குடியேறிட்டார். நண்பர் பேச்சை மாத்தினா நீங்களும் மாத்திடுங்க.

அடுத்து அவர் பிறந்த வருஷம், இது தெரிஞ்சா பாதித் தேடல் முடிஞ்ச மாதிரி. 1960கள்ல பிறந்தவங்க, 70கள் ஆரம்பத்துல பிறந்தவங்கன்னா 'யூனிவர்ஸல்'ங்கிற பதிப்பகம் புரட்சிக்கு முன்னாடி 70கள்ல போட்ட டின்டின் ஆல்பங்களா இருக்க வாய்ப்பு அதிகம், தேடுறவங்க எல்லாரும் தேடுறது அதைத்தான். வாராவாரம் வந்ததுன்னு சொன்னா 'கெய்ஹான் பச்சேஹா'வா இருக்கும், 1956ல ஆரம்பிச்சது, புரட்சிக்கு அப்புறமும் நிக்கல, அதனால அப்பா மகன் ரெண்டு பேருக்குமே அது சின்ன வயசுப் பத்திரிகையா இருக்கலாம். ஸ்கூல்ல குடுத்தாங்கன்னா, புரட்சிக்கு முன்னாடி 'பெய்க்', பின்னாடி 'ரொஷ்த்'. அட்டையில ஒரு பறவை இருந்துச்சுன்னா அது கானூன் வெளியீடு, 1965ல தொடங்கின குழந்தைகள் நிறுவனம், இதுங்க காமிக்ஸ் இல்ல படப் புத்தகம், ஆனா ஞாபகத்துல எல்லாம் கலந்துதான் கிடக்கும். 1968ல கானூன் போட்ட சின்னக் கருப்பு மீன் கதைக்குப் படம் வரைஞ்ச ஃபர்ஷித் மெஸ்காலிக்கு 1974ல குழந்தைகள் புத்தகத்துக்கான ஆண்டர்சன் விருது கிடைச்சது, ஒருவேளை உங்க நண்பர் "ஒரு மீன் வரும், கருப்பா"ன்னு ஆரம்பிச்சா நீங்க தேட வேண்டியது அது. இன்னொண்ணு, டிவியில பார்த்த கார்ட்டூனையும் புக்குன்னே சொல்லுவாங்க. நம்ம லயன் காமிக்ஸ் ஆளுங்களுக்கு உயிரான லக்கி லூக், அங்க 'லூக்-எ கோஷ்ஷான்ஸ்', அப்படின்னா அதிர்ஷ்டக்கார லூக். அவரைச் சொன்னா, பார்த்ததா படிச்சதான்னு ரெண்டு தடவை கேட்டுக்குங்க.

வருஷக் கணக்குல நான் ரொம்பக் குழம்பினேன், அதனால இதைக் கொஞ்சம் விலாவாரியா சொல்றேன். ஈரான் காலண்டர் வேற, மார்ச் 20, 21 வாக்குல நவ்ரூஸ் அன்னைக்குப் புது வருஷம் பிறக்கும். அந்த வருஷத்தோட 621 கூட்டினா நம்ம வருஷம், ஜனவரியில இருந்து நவ்ரூஸ் வரைக்கும் உள்ள தேதின்னா 622. 1350ன்னு போட்டிருந்தா 1971. இது சுலபம்தான். ஆனா நண்பரோட அக்கா அனுப்பின ஒரு போட்டோவுல 2536ன்னு இருந்துச்சு, அச்சுப் பிழைன்னு நினைச்சு அந்தப் புக்கை ஒதுக்கவே பார்த்தேன். பிழை இல்ல. 1976ல ஷா, அதாவது ஈரான் மன்னர், ஆட்சியில பழங்காலத்து சைரஸ் மன்னர் காலத்துல இருந்து எண்ணுற மாதிரி காலண்டரை மாத்தினாங்க, 1978ல பழையபடி திருப்பிட்டாங்க. அதனால 2535, 2536, 2537 இந்த மூணு வருஷம்தான் அப்படி அச்சுல வரும், அதுல 559 கழிச்சா நம்ம வருஷம். அப்படி ஒரு எண் இருந்தா அது புரட்சிக்கு முன்னாடி அச்சான புக்குங்கிறதுக்கு நல்ல அடையாளம். இந்த விவரமெல்லாம் இருக்குற பக்கத்துக்கு ஃபார்சியில ஷெனாஸ்நாமேன்னு பேர், மனுஷங்களோட பிறப்புச் சான்று புத்தகத்துக்கும் அதே வார்த்தைதான். விக்கிறவர்கிட்ட அட்டை போட்டோவோட ஷெனாஸ்நாமே போட்டோவும் கண்டிப்பா கேளுங்க.

ஆன்லைன்ல தேடும்போது ஃபார்சி எழுத்துலதான் தேடணும், இங்கிலீஷ்ல அடிச்சா ஒண்ணும் வராது. போன்ல ஃபார்சி கீபோர்டு போடுங்க, அரபி கீபோர்டு வேணாம். 'ய', 'க' ரெண்டு எழுத்தும் பாக்க ஒரே மாதிரி இருந்தாலும் கம்ப்யூட்டருக்கு அரபியில வேற எழுத்து ஃபார்சியில வேற எழுத்து, ஒரே வார்த்தை ஒண்ணுல கிடைக்கும் இன்னொண்ணுல கிடைக்காது. வார்த்தைக்கு நடுவுல நீம்ஃபாஸெலேன்னு ஒரு அரை இடைவெளி வேற உண்டு, அது இருக்குற மாதிரி ஒரு தடவை, இல்லாம ஒரு தடவை, முழு ஸ்பேஸ் விட்டு ஒரு தடவைன்னு மாத்தி மாத்தித் தேடுங்க. கூட சேத்துக்க வேண்டிய வார்த்தைங்க: 'தாஸ்தான்-எ மொசவ்வர்'னா படக்கதை, 'தஸ்த்-எ தொவ்வொம்'னா செகண்ட் ஹேண்ட், 'நாயாப்'னா கிடைக்காத சரக்கு. ஸ்பெல்லிங்கை நண்பரோட பொண்ணோ பையனோ அடிச்சுக் குடுத்தா நல்லது, அவங்களும் இதுக்குள்ள வந்துடுவாங்க.

நேர்ல தேட டெஹ்ரான்ல ஆள் இருந்தா முதல்ல என்கெலாப் தெரு, டெஹ்ரான் யுனிவர்சிட்டிக்கு எதிர்ல வரிசையா புக் கடை, பிளாட்ஃபார்ம்ல பழைய புக் விரிச்சிருப்பாங்க. அப்புறம் ஜொம்ஹூரி தெருவுல பர்வானே பார்க்கிங் கட்டடத்துல வெள்ளிக்கிழமை நடக்குற ஜொமே பஸார், பழைய சாமான் எல்லாம் வரும். அங்க 'ஆஃப்செட்'னு சொன்னா பழைய புக்கை அப்படியே திருப்பி அச்சடிச்ச காப்பின்னு அர்த்தம், ஒரிஜினல்னா 'அஸ்லி'. ஆஃப்செட்டா அஸ்லியான்னு கேக்காம காசு குடுக்கச் சொல்லாதீங்க. என்னைக் கேட்டா ஆஃப்செட் வாங்குறதும் தப்பில்ல, படிக்கிறதுக்கு அது போதும், தெரிஞ்சு வாங்கணும், அவ்ளோதான்.

காசு அனுப்புறதுதான் பெரிய தலைவலி. ஈரான் மேல இருக்குற பொருளாதாரத் தடைகளால விசா, மாஸ்டர்கார்டு, பேபால் எதுவும் ஈரான்ல செல்லாது, அங்க இருக்குற வங்கி கார்டுங்க தனி நெட்வொர்க். அங்க இருக்குற சொந்தக்காரங்க யாராவது வாங்கி வச்சுட்டு, ஊருக்கு வர்றவங்க பெட்டியில வர்றதுதான் நடக்குற காரியம். அவங்க கொண்டுவரத் தயங்கினா வற்புறுத்தாதீங்க, அங்க நிலைமை அவங்களுக்குத்தான் தெரியும். விலை கேக்கும்போது தொமானா ரியாலான்னு தெளிவா கேளுங்க, பத்து ரியால் ஒரு தொமான், அச்சுல ரியால் இருக்கும் வாய் பேச்சுல தொமான், அதுலயும் ஆயிரத்தை விழுங்கிட்டு "இருநூறு"ன்னா ரெண்டு லட்சம் தொமான்னு அர்த்தம்.

புக் வந்து சேர்ந்ததும் உடனே குடுத்துடணும்னுதான் தோணும், ஒரு நாள் பொறுங்க. பழைய மலிவுக் காகிதம் அமிலத்தால பழுப்பாகி மொறுமொறுன்னு ஆகியிருக்கும், கிழிஞ்ச இடத்துல செலோடேப் ஒட்டவே கூடாது, லாமினேஷன் பண்ணவே கூடாது. தூசிய மெல்லிய பிரஷ்ஷால தட்டி, அமிலம் இல்லாத காகிதத்துல சுத்தி வெயில் படாம வைங்க. ஸ்கேன் பண்ணணும்னா முதுகு உடையுற மாதிரி அமுக்காதீங்க, 600 டிபிஐ நல்லது, புள்ளி புள்ளியா அச்சான கலர் அலை அலையா தெரிஞ்சா ஸ்கேனர்ல டீஸ்கிரீன் போடுங்க. ஸ்கேனை வீட்டோட வச்சுக்குங்க. ஈரான் பெர்ன்ங்கிற சர்வதேச காப்புரிமை உடன்படிக்கையில இல்ல, ஆனா கனடாவுல ஒரிஜினலுக்கு காப்புரிமை இருக்கு, டின்டினை வரைஞ்ச எர்ஜே 1983ல இறந்தார், அதனால 2053 முடியிற வரைக்கும் அது செல்லும்.

முதல் பக்கத்தைத் தனியா போட்டோ எடுங்க. யாரோ ஒரு குழந்தை பேனாவால பேர் எழுதியிருக்கும், மாமா குடுத்ததுன்னு தேதி இருக்கும். எங்களுக்கு வந்த புக்குல வேற யாரோ ஒரு பொண்ணோட பேர் இருந்துச்சு. நண்பர் புக்கைத் திறந்ததும் முதல்ல பார்த்தது அதைத்தான், கதைக்கு முன்னாடி அந்தப் பேரை சத்தமா படிச்சார், இவ எங்க இருக்காளோன்னார்.

படிக்கும்போது கூட உக்காருங்க, ஆனா அர்த்தம் கேட்டு நிறுத்தாதீங்க. சத்தமா படிக்கச் சொல்லுங்க, போன்ல ரெக்கார்டர ஓட விட்டு மேஜையில கவுத்து வச்சுடுங்க. எங்காளு ஆறாவது பக்கத்துல நிறுத்திட்டார், அந்தப் பக்கத்தை அவங்க அப்பா ஒரு கேப்டன் குரல்ல படிப்பாராம், அதே குரல்ல ரெண்டு தடவை படிச்சுக் காட்டினார். 1986ல ஈரான்-ஈராக் போர் நடந்துட்டு இருந்தப்போ ஒரே பெட்டியோட கிளம்பினவர், அப்பா பேசின கேசட் கூட கையில இல்லாதவர். அந்த ரெக்கார்டிங் 40 நிமிஷம் வந்துச்சு, ஒரு காப்பி அன்னைக்கு ராத்திரியே டெஹ்ரான்ல இருக்குற அவர் அக்காவுக்கு அனுப்பினோம், நீங்களும் அனுப்ப மறந்துடாதீங்க.