தேதி தெரியாமல் தூரிகையைத் தொடாதீர்கள்: நெப்போலியன் காலப் படைகளைத் தீட்டும்போது நேரும் தவறுகள்

என் முதல் பிரெஞ்சு பட்டாலியனில் 24 பேர். மேசைமேல் போர் விளையாட்டு ஆடுவதற்கான, 28 மில்லிமீட்டர் உயர உலோகப் பொம்மை வீரர்கள். மூன்று மாத இரவுகளைச் செலவழித்து முடித்து, மேசையில் வரிசையாக நிறுத்தியபோது மனம் நிறைந்திருந்தது. எதிரே ஆட வந்த நண்பர் குனிந்து பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. இது எந்த வருஷத்துப் படை?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வீரர்களின் தலையில் இருந்தது 1805இல் ஆஸ்டர்லிட்ஸ் போரில் அணிந்த இருமுனைத் தொப்பி. அவர்கள் ஏந்தியிருந்தது 1812இல் வந்த, நீலமும் வெள்ளையும் சிவப்பும் நெட்டுக்குத்தாக நிற்கும் கொடி. இரண்டுக்கும் நடுவே ஏழு வருடம்.

இந்தப் பொழுதுபோக்கில் நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை அந்தக் கேள்வியில்தான் தொடங்குகின்றன. "பிரெஞ்சுப் படை செய்யப்போகிறேன்" என்று முடிவு செய்தால் போதாது. எந்தப் போர், எந்த நாள் என்று முடிவு செய்ய வேண்டும். 1803 முதல் 1815 வரையிலான பன்னிரண்டு வருடங்களில் தொப்பி மாறியது, கோட்டு மாறியது, கொடி மாறியது, ஒரு பட்டாலியனில் எத்தனை கம்பெனி, அதாவது எத்தனை உட்பிரிவு, என்பதும் மாறியது. ஒரு நாளைப் பிடித்துக்கொண்டால் மற்ற முடிவுகள் தாமாக வந்து அமரும்.

பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் சைபோர்ன் வாட்டர்லூ போர்க்களத்தின் மாதிரியைச் செய்தபோது, நாளை மட்டுமல்ல, நேரத்தையே முடிவு செய்தார்: 1815 ஜூன் 18, மாலை ஏழு மணி சுமாருக்கு. அந்த நேரத்தில் உங்கள் பிரிவு எங்கே நின்றது, எதிரே வயலில் என்ன பயிர் இருந்தது என்று போரில் இருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். நிலத்தை அளக்க லா ஹே சாந்த் பண்ணையிலேயே எட்டு மாதம் தங்கினார். அந்த மாதிரி இன்றும் லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆனால் ப்ரைமர் என்ற அடிப்பூச்சை அடிப்பதற்கு முன் ஒரு தாளில் போரின் பெயரையும் வருடத்தையும் எழுதி மேசைமேல் ஒட்டி வைத்துவிடுங்கள்.

தலையை மாற்றினால் வருடம் மாறிவிடாது

கன்வெர்ஷன், அதாவது வாங்கிய வீரரை வெட்டி ஒட்டி வேறு வீரராக்குவது, என்றதும் முதலில் எல்லோரும் செய்வது தலையை மாற்றுவது. கழுத்தில் வெட்டி, வேறு தொப்பி வைத்த தலையை ஒட்டினால் புதுப் படை வந்துவிடும் என்ற நம்பிக்கை. பிரெஞ்சு வீரர்களில் இது அநேகமாக எப்போதும் தப்பாகிறது, ஏனென்றால் வருடத்தைச் சொல்வது தொப்பி மட்டுமல்ல, உடலும்தான்.

1812 ஜனவரி ஒழுங்குமுறைக்கு முந்தைய பிரெஞ்சுக் காலாட்படைக் கோட்டு மார்புக்குக் கீழே விலகிப் பிரியும். உள்ளே வெள்ளை வெய்ஸ்ட்கோட்டு தெரியும். பின்வால் நீளமாகத் தொங்கும். காலை மூடும் துணி உறையான கெய்ட்டர் முழங்காலுக்கு மேல் ஏறும். அதற்குப் பிந்தைய கோட்டில் மார்பின் வெள்ளை மடிப்பு இடுப்புவரை நேராக மூடியிருக்கும், பின்வால் குட்டை, கெய்ட்டர் முழங்காலுக்குக் கீழே நின்றுவிடும். உயரமான உருளைத் தொப்பியான ஷாகோவின் முகப்பில் சாய்சதுரத் தகடு போய், பிறைக் கேடயத்தின் மேல் கழுகு அமர்ந்த தகடு வந்தது. ஆகவே நீளவால் உடலில் 1812 ஷாகோத் தலையை வைத்து, அதை 1815 வாட்டர்லூ படை என்று நிறுத்தினால், விஷயம் தெரிந்தவர் கண்ணுக்கு முதலில் தெரிவது அந்த வால்தான். வாலை வெட்டிக் குறைக்கலாம், கெய்ட்டர் மேல்விளிம்பைச் சுரண்டலாம். மார்பை கிரீன் ஸ்டஃப் என்ற, பிசைந்தால் இறுகும் பசைமாவு வைத்து மூடுவது பட்டாலியன் முழுவதற்கும் செய்யக்கூடிய வேலையில்லை. சரியான உடலை வாங்குவதே சுலபம்.

உத்தரவு வந்த நாளும் உடை வந்த நாளும் ஒன்றல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். 1812 ஜூனில் ரஷ்யாவுக்குள் நுழைந்த பிரெஞ்சு வீரர்களில் பெரும்பாலானோர் பழைய உடையில்தான் நடந்தார்கள். பிரிட்டிஷ் பக்கமும் இப்படியே. 1812இல் முன்புறம் உயர்ந்த பெல்ஜிக் ஷாகோ வந்தது, ஆனால் 28ஆம் ரெஜிமென்ட் வாட்டர்லூவிலும் பழைய குழாய் வடிவ ஷாகோவையே அணிந்திருந்தது. இப்படிப்பட்ட விதிவிலக்குகள்தான் ஒரு படைக்கு உயிர் கொடுக்கும். தெரிந்து செய்தால் அழகு, தெரியாமல் செய்தால் பிழை.

பின்னாளில் வெலிங்டன் பிரபுவான வெல்லெஸ்லியின் இந்தியப் போர்களை ஆட விரும்பும் நம் ஊர் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 1803 அசாயே போருக்காக சென்னை ராணுவத்துச் சிப்பாய்களைத் தீட்டுகிறீர்கள் என்றால், தலைப்பாகையின் காலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1805 கடைசியில் உத்தரவான புதிய தலைப்பாகையும் அதிலிருந்த தோல் சின்னமும், நெற்றிக்குறி வைக்கக் கூடாது என்ற கட்டளையும் சேர்ந்துதான் 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் எழுச்சியாக வெடித்தது. அந்தத் தலைப்பாகையை 1803 சிப்பாயின் தலையில் வைப்பது வெறும் சீருடைப் பிழை இல்லை.

நல்ல கன்வெர்ஷன் வேண்டுமா? போர்ச்சுகல் படையை எடுத்துக்கொள்ளுங்கள். 1811க்குப் பிறகு அவர்களும் குழாய் ஷாகோ அணிந்தார்கள். பிரிட்டிஷ் உடலில் மார்பின் குறுக்கே ஓடும் வெள்ளைப் பின்னல்களைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, அடர் நீலம் அடித்தால் வேலை கிட்டத்தட்ட முடிந்தது. பின்னலைச் சுரண்டாமல் நீலம் மட்டும் அடிப்பதுதான் இங்கே வழக்கமான தவறு. கிரேட்கோட்டு என்ற நீள மேலங்கி அணிந்த வீரர்கள் இன்னும் வசதி. மார்பும் வாலும் கோட்டுக்குள் மறைவதால், தலையை மட்டும் மாற்றி வருடத்தை நகர்த்த முடிவது இவர்களிடம்தான்.

ஒட்டும் வேலை

உலோகத் தலையை வெறும் ஃபெவிக்விக் போட்டு ஒட்டினால் முதல் ஆட்டத்திலேயே உருண்டுவிடும். கழுத்திலும் தலையிலும் சிறு துளை போட்டு, ஒரு துண்டுக் கம்பியை ஊடே நுழைத்து ஒட்டுங்கள். குண்டூசியை வெட்டியும் பயன்படுத்தலாம். பிளாஸ்டிக் சிமென்ட் கெட்டியான பாலிஸ்டைரீனை உருக்கி இணைக்கும், அதற்கு அதுவே சிறந்தது. ஆனால் 1/72 அளவில் வரும் வளையக்கூடிய மென்பிளாஸ்டிக் வீரர்களிடம் அது ஒன்றும் செய்யாது. அவற்றில் சூப்பர் குளூவும் சரியாகப் பிடிக்காது, கம்பிதான் தாங்கும். அந்த மென்பிளாஸ்டிக்கை முதலில் பாத்திரம் கழுவும் சோப்பில் நன்றாகக் கழுவிக் காயவிடாவிட்டால், துப்பாக்கி முனையிலிருந்து பெயின்ட் செதில் செதிலாக உரியும்.

கிரீன் ஸ்டஃப் பட்டையில் நீலமும் மஞ்சளும் தொட்டுக்கொண்டிருக்கும் நடுக்கோடு ஏற்கெனவே இறுகியிருக்கும். அதை வெட்டி எறிந்துவிட்டுப் பிசையுங்கள். இல்லாவிட்டால் மணல்போல் கட்டிகள் தட்டும். கருவியில் துளி வாசலின் தடவிக்கொண்டால் ஒட்டாது. பழைய உலோக வீரர்களில் ஈயம் இருக்கும். அரத்தால் ராவும்போது நனைத்து ராவுங்கள், முடிந்ததும் கையைக் கழுவுங்கள், அந்த மேசையில் சாப்பிடாதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் தூளைத் துடைத்த துணியை அப்போதே எறிந்துவிடுங்கள்.

நிறங்கள்

பிரெஞ்சு நீலம் கறுப்பாகிப்போவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. புத்தகத்தில் அடர் நீலம் என்று படித்து, கறுப்பு ப்ரைமர் மேல் அடர் நீலம் பூசி, அதற்கும் மேல் கறுப்பு வாஷ், அதாவது பள்ளங்களில் தேங்கும் நீர்த்த பெயின்ட், விடுவார்கள். கைக்கு அருகில் வைத்துப் பார்த்தால் நீலம், மூன்றடி தள்ளி நின்றால் கரி. நம் வீரர்களை யாரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதில்லை. அவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் பட்டாலியனாக நிற்கிறார்கள். பொருள் சிறிதாகச் சிறிதாக நிறம் இருண்டு தெரியும் என்பதால், நிஜத் துணியைவிட ஒரு படி வெளிறிய நிறம் வேண்டும். ரஷ்யப் பச்சைக்கும் இதே கதைதான்.

வெள்ளை இதற்கு நேர்மாறு. குறுக்குப் பட்டைகளை முழு வெள்ளையில் அடித்தால் சுண்ணாம்பு அடித்ததுபோல் இருக்கும், நிழல் விழாது. வெளிர் சாம்பலில் தொடங்கி, மேடான விளிம்பில் மட்டும் வெள்ளை தொடுங்கள். ஆஸ்திரியப் படை செய்கிறவர்கள் உடல் முழுக்க இதைச் செய்ய வேண்டும் என்பதால் பொறுமை தேவை. மஞ்சளுக்கு அடியில் வெளிர் பழுப்பு ஒரு பூச்சு கொடுங்கள், இல்லாவிட்டால் நான்கு பூச்சு பூசினாலும் அடியிலிருப்பது தெரியும்.

பிரிட்டிஷ் படையில் அதிகாரிகளின் கோட்டு நல்ல பளிச்சென்ற சிவப்பு. சாதாரண வீரர்களுடையது மலிவான சாயம், செங்கல் நிறத்துக்கு அருகில். இரண்டையும் ஒரே டப்பாவிலிருந்து அடிப்பவர்கள் நிறைய. இரண்டு சிவப்பு வைத்தால் அதிகாரி தூரத்திலிருந்தே தனியாகத் தெரிவார். 95ஆம் ரைஃபிள்ஸ் பச்சை உடை, அவர்களின் தோல் பட்டைகள் கறுப்பு. பழக்க தோஷத்தில் வெள்ளை அடித்துவிட்ட ரைஃபிள் வீரர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பிரெஞ்சு இலகுக் காலாட்படைக்கும் இப்படித்தான் நேர்கிறது. அவர்களின் மார்பு மடிப்பு வெள்ளை இல்லை, நீலமே. கால்சட்டையும் நீலம். பொத்தான்கள் வெள்ளி நிறம்.

தோளணிகளும் தொப்பிக் குஞ்சங்களும் தனி விஷயம். 1808க்குப் பிறகு பிரெஞ்சு பட்டாலியனில் ஆறு கம்பெனிகள்: தேர்ந்தெடுத்த வீரர்களான கிரெனடியர் ஒன்று, முன்னே சென்று சுடும் வோல்டிஜர் ஒன்று, சாதாரண வீரர்களான ஃபியூசிலியர் நான்கு. 24 பேர் என்றால் கம்பெனிக்கு நான்கு பேர். சிவப்புத் தோளணியோடு கிரெனடியர்கள் வலது கோடியில், வோல்டிஜர்கள் இடது கோடியில், நடுவில் பதினாறு ஃபியூசிலியர்கள். அந்தப் பதினாறு பேருக்கும் கம்பெனிவாரியாகக் குஞ்சம்: அடர் பச்சை, வானநீலம், ஆரஞ்சு, ஊதா. எல்லாருக்கும் சிவப்புத் தோளணி போட்டு அலங்கரித்தால் அழகாகத் தெரியும், ஆனால் அது பட்டாலியன் ஆகாது. பிரிட்டிஷ் பட்டாலியனில் பத்து கம்பெனிகள் என்பதால் அங்கே 20 அல்லது 30 பேர் வைப்பது கணக்குக்கு ஒத்துவரும்.

பீரங்கி வண்டியை மரநிறத்தில் அடிக்காதீர்கள். பிரெஞ்சு வண்டி ஆலிவ் பச்சை, பிரிட்டிஷ் சாம்பல், ஆஸ்திரியா காவி மஞ்சள். இரும்புப் பூண்கள் கறுப்பு.

குதிரையில் எல்லாரும் ஒரே பழுப்பை அடித்து, பிடரிக்குக் கறுப்பு வைத்து முடிக்கிறார்கள். பழுப்புக் குதிரையில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் பிடரி, வால், முழங்காலுக்குக் கீழே கால்கள் எல்லாம் கறுப்பு. மற்றதில் பிடரியும் வாலும் உடலைப் போலவே செம்பழுப்பு. இவற்றைக் கலந்து போட்டு, சிலவற்றுக்கு நெற்றியில் வெள்ளை, ஒரு காலில் வெள்ளை வைத்தாலே குதிரைப்படை அசையத் தொடங்கிவிடும். பிரெஞ்சு எக்காளக்காரர் பெரும்பாலும் வெண்குதிரையில்.

தீட்டும் விதம்

மிகச் சிறிய தூரிகை வாங்குவது தவறு. மூன்று பூஜ்ய எண் தூரிகையில் பெயின்ட் நிற்காது, வீரரை எட்டுவதற்குள் நுனியில் காய்ந்துவிடும். நம் ஊர் வெயிலில், மின்விசிறிக்குக் கீழே, இன்னும் வேகமாக. நல்ல கூர்மையுள்ள ஒன்றாம் எண் தூரிகை, பெயின்ட் காயாமல் வைக்கும் ஈரத் தட்டு, தண்ணீர் கலந்த அக்ரிலிக், இவை போதும். பட்டாலியன் முழுவதையும் ஒரே மூச்சில் எடுக்காதீர்கள். ஐஸ் குச்சியில் ஆறு ஆறு பேராக, தூரிகை நடுவே நுழையும் இடைவெளி விட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். மனிதன் உடுத்தும் வரிசையிலேயே தீட்டுங்கள்: முகம், கோட்டு, அப்புறம் பட்டை, கடைசியில் முதுகுப் பை. கண்மணி வைக்க வேண்டாம். 28 மில்லிமீட்டரில் அது பயந்து விழித்த முகமாகத்தான் வரும், புருவத்துக்குக் கீழே பழுப்பு வாஷ் தரும் நிழலே கண். துப்பாக்கியிலும் ஒரு வித்தியாசம் உண்டு: பிரிட்டிஷ் துப்பாக்கியின் பூண்கள் பித்தளை, பிரெஞ்சு காலாட்படைத் துப்பாக்கியில் இரும்பு.

போருக்குப் போன படையை அணிவகுப்புக்குப் போனதுபோல் தீட்டுவதும் ஒரு குறை. வாட்டர்லூவுக்கு முந்தைய இரவு முழுக்க மழை. அந்தச் சேற்றில் விடிந்தவர்களின் வெள்ளைக் கால்சட்டை வெள்ளையாக இருந்திருக்காது. ஷாகோக்களில் பல உறைக்குள் இருந்தன. ஸ்பெயினில் பிரெஞ்சு வீரர்கள் அந்த ஊர்ப் பழுப்புத் துணியில் கால்சட்டை தைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சு கிரேட்கோட்டுகள் சாம்பல், பழுப்பு, மங்கல் மஞ்சள் என்று பல சாயலில் இருந்தன. நீங்கள் எழுதி ஒட்டிய தேதி இங்கேயும் உதவும்.

வார்னிஷ் விஷயத்தில் ஐப்பசி, கார்த்திகையில் ஸ்ப்ரே டப்பாவைத் தொடவே தொடாதீர்கள். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் வெண்படலமாகப் படியும். சென்னைக் கடற்கரைப் பக்கம் எனக்கு மாசியிலும் ஒருமுறை நேர்ந்தது, 12 ரஷ்யர்கள் பனி மூடியதுபோல் ஆனார்கள். அதன்மேல் பளபளப்பான கிளாஸ் வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்ததும் படலம் மறைந்தது. இப்போது தூரிகையால் பூசும் வார்னிஷ்தான். டப்பாவை ஒரு நிமிடமாவது குலுக்க வேண்டும்.

கொடியைக் கடைசியில் ஏற்றுங்கள், முதலில் ஏற்றினால் கை படும். வார்ப்பில் வந்த மெல்லிய உலோகக் கம்பம் வளையும் என்பதால் அதற்குப் பதில் பித்தளைக் கம்பி வைத்துவிடுங்கள். பிரெஞ்சு 1812 கொடியில் கம்பத்தை ஒட்டி வருவது நீலம். அதற்கு முந்தைய 1804 மாதிரியில் நடுவே வெள்ளைச் சாய்சதுரமும் நான்கு மூலைகளில் மாறி மாறி நீலமும் சிவப்பும். பிரிட்டிஷ் கொடியில் 1801க்குப் பிறகு சேர்ந்த சிவப்பு மூலைவிட்டக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள், அமெரிக்க விடுதலைப் போருக்கான கொடித் தாளில் அது இருக்காது. காகிதக் கொடியை ஃபெவிகால் ஈரமாக இருக்கும்போதே அலைபோல மடித்துவிட வேண்டும், காய்ந்தபின் மடித்தால் உடையும். காய்ந்ததும், ஓரத்தில் தெரியும் வெள்ளைக் காகித விளிம்பை அந்தந்தப் பட்டையின் நிறத்தாலேயே தொட்டுவிடுங்கள்.