முதல் மேக்ரோ லென்ஸை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பூச்சி, பூ, நகை, நாணயம் என்று சின்னச் சின்னப் பொருள்களைப் பெரிதாகப் படம் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி லென்ஸ் நல்லது?" என்றுதான். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். உண்மையான மேக்ரோ லென்ஸ்களில் கூர்மை போதாத லென்ஸ் அபூர்வம். நீங்கள் எடுக்கப்போகும் பொருள் உங்களை எவ்வளவு பக்கத்தில் வர விடும் என்று முதலில் யோசியுங்கள்.

படி 1: 1:1 தானா?

லென்ஸின் மேல் 'மேக்ரோ' என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. 70-300 மி.மீ. (இது லென்ஸின் குவியத்தூரம்) ஜூம் லென்ஸ்கள் சிலவற்றிலும் அந்தப் பெயர் உண்டு. அவை 1:2 அளவோடு நின்றுவிடும். 1:1 என்றால் 1 செ.மீ. நீளமுள்ள எறும்பு, கேமராவுக்குள் படம் பதியும் சென்சார் மேலும் 1 செ.மீ. நீளத்துக்கு விழும். 1:2 என்றால் அதில் பாதி.

கடையில் சோதிக்க ஒரு ஸ்கேல் போதும். ஃபோகஸை ஆகக் குறைந்த தூரத்தில் வைத்துவிட்டு, ஸ்கேலின் கோடுகள் தெளிவாகத் தெரியும்வரை கேமராவை முன்னும் பின்னும் நகர்த்திப் படம் எடுங்கள். ஃபுல் ஃபிரேம் (36 மி.மீ. அகல சென்சார் உள்ள) கேமராவில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை 36 மி.மீ. தெரிந்தால் 1:1. கிராப் சென்சார் (அதைவிடச் சிறியது) என்றால் 22 முதல் 24 மி.மீ. வரை தெரியும். இதைப்போல இரண்டு மடங்கு தெரிந்தால் அது 1:2 லென்ஸ்.

படி 2: எவ்வளவு தூரத்தில் இருந்து எடுப்பீர்கள்?

பலரும் ஏமாறுவது இங்கேதான். லென்ஸ் பெட்டியில் 'குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் 30 செ.மீ.' என்று போட்டிருக்கும். அந்தத் தூரம் லென்ஸின் முன்முனையிலிருந்து அளந்தது அல்ல, கேமராவுக்குள் இருக்கும் சென்சாரிலிருந்து அளந்தது. அதற்குள் லென்ஸின் நீளமும் அடங்கிவிடுகிறது. கேனான் 100 மி.மீ. எல் மேக்ரோவில் (டிஎஸ்எல்ஆர் மாடல்) இந்த 30 செ.மீ. போட்டிருந்தாலும், 1:1 அளவில் எடுக்கும்போது லென்ஸ் முனைக்கும் பூச்சிக்கும் நடுவே சுமார் 13 செ.மீ.தான் மிஞ்சும்.

அதே கம்பெனியின் 35 மி.மீ. மேக்ரோவில் வெறும் 3 செ.மீ. அவ்வளவு கிட்டே போனால் லென்ஸின் நிழலே பொருள்மேல் விழும். அதனால்தான் அந்த லென்ஸின் வாயிலேயே சின்ன விளக்கு வைத்திருக்கிறார்கள்.

நகை, நாணயம், தபால்தலை எல்லாம் ஓடிப்போகாது. அவற்றுக்கு 50-60 மி.மீ. தாராளம், விலையும் பெரும்பாலும் குறைவு. பட்டாம்பூச்சி, தும்பி எல்லாம் வேண்டுமென்றால் 90-105 மி.மீ. பக்கம் போங்கள். 180 மி.மீ. இன்னும் தூரம் தரும். ஆனால் கேனானின் 180 மி.மீ. ஒரு கிலோவுக்கு மேல் எடை. அதைக் கையில் தூக்கிப்பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பது தொடக்கக்காரர் வேலை இல்லை. இன்னும் முடிவு எடுக்க முடியவில்லையா? 90-105க்குள் ஒன்றை வாங்குங்கள்.

படி 3: உங்கள் கேமராவில் வேலை செய்யுமா?

மவுன்ட் (லென்ஸைக் கேமராவில் மாட்டும் இணைப்பு) ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. நிக்கான் டி3500, டி5600 போன்ற கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. தனக்குள்ளும் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸை மாட்டினால் ஆட்டோ ஃபோகஸ் வராது. அதற்காக அந்த லென்ஸை ஒதுக்கவும் வேண்டாம்: 1:1 பக்கம் வந்துவிட்டால் ஃபோகஸை நிலையாக வைத்துவிட்டு, உடம்பை மெல்ல முன்னும் பின்னும் அசைத்து எடுப்பதே சுலபம்.

படி 4: எதற்குக் கூடுதல் காசு வேண்டாம்?

அகலமான அபெர்ச்சருக்கு, அதாவது ஒளி நுழையும் பெரிய துளைக்கு. 1:1 அளவில் எஃப் 11 என்று துளையைச் சுருக்கி வைத்தாலும் கிராப் சென்சாரில் கூர்மையாக விழும் தடிமன் 1 மி.மீ.கூட வராது. எஃப் 2.8 என்று அகலமாகத் திறந்து வைத்தால் சிலந்தியின் கண் மட்டும் தெளிவாக இருக்கும், கால் எல்லாம் கரைந்துவிடும். லென்ஸில் உள்ள, கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசரும் இவ்வளவு கிட்டத்தில் பாதி பலம் இழக்கிறது. மேலே சொன்ன 100 மி.மீ. எல் லென்ஸில் சாதாரணமாக 4 ஸ்டாப் (நடுக்கத்தைச் சமாளிக்கும் அளவு), 1:1 அளவில் 2 ஸ்டாப் என்று கேனானே சொல்கிறது. மிச்சமாகும் காசில் ஒரு ஃபிளாஷும் அதன் ஒளியை மென்மையாக்கும் டிஃப்யூசரும் வாங்கினால் படத்தில் வித்தியாசம் தெரியும்.

படி 5: வாங்கும் முன் ஒத்திகை

கையில் 50 மி.மீ. லென்ஸ் இருந்தால், 25 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூப் ஒன்றை லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டிப் பாருங்கள். உள்ளே கண்ணாடி கிடையாது, வெறும் குழாய்தான். 1:2க்கும் மேலேயே பெரிதாகும். மின்தொடர்பு உள்ள டியூபாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் பெரும்பாலான புதிய லென்ஸ்களில் அபெர்ச்சரை மாற்ற முடியாது. இதிலேயே சில வாரம் எடுத்துப் பார்த்தால், உங்களுக்கு இன்னும் தூரம் வேண்டுமா, இது போதுமா என்று தெரிந்துவிடும்.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறீர்களா? செல்போன் டார்ச்சை லென்ஸின் பின்பக்கத்திலிருந்து அடித்து, முன்பக்கம் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். நாலைந்து தூசி இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழை தெரிந்தால் பூஞ்சை. விலையை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். அப்புறம் ஃபோகஸ் வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்புங்கள். நடுவில் எங்கும் சிக்காமல் ஒரே சீராகச் சுழல வேண்டும்.